ஓநாய்க்கு ஓட்டுப் போட்ட கதை

2024 மே மாதக் கடைசியில், செத்துக் கிடந்த ஒரு கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் பொய் சொன்னேன். "நீ எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று உடனே புரிந்தது. "அப்போது எனக்குக் குடியுரிமை வரவில்லை" என்றேன். உண்மையில் அந்த ஓட்டின்போது அது வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 2020 நவம்பரில் நான் போட்டதுதான் இந்த நாட்டில் என் முதல் ஓட்டு. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்த அந்த நீளச் சீட்டில் வரி, நீதிபதி, ஜனாதிபதி என்று எல்லாவற்றுக்கும் விளக்கப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி மண்டையைக் குழப்பிக்கொண்டேன். யோசிக்காமல் மையால் நிரப்பிய வட்டம் ஒன்றே ஒன்றுதான். அது ஓநாய்க்கு: எங்கள் மாநிலத்துக்கு ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று.

நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தெற்கே ஹைலண்ட்ஸ் ராஞ்ச். பெயரில் மட்டும்தான் ராஞ்ச், அதாவது மாட்டுப் பண்ணை. மாடு என்று எதையாவது பார்க்க வேண்டுமென்றால் காஸ்ட்கோ கடையின் குளிர்பெட்டியில்தான் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு நல்ல கறி கிடைக்கவில்லை என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் வருடா வருடம் புலம்பல் நடக்கும். அப்படித்தான் எட்டு வருடம் முன்பு யாரோ இந்தப் பெரியவரின் எண்ணைக் கொடுத்தார்கள். பெர்த்தௌட் கணவாய் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் பண்ணை. மாடுதான் பிழைப்பு, கூடவே கொஞ்சம் செம்மறி. முதல் வருடம் "தலையையும் காலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் எங்களுக்கு வேண்டும்" என்றபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். கால் சூப்பு, தலைக்கறி, ரத்தப் பொரியல் என்று விளக்கினேன். தன் பாட்டி காலத்துக்குப் பிறகு இதையெல்லாம் கேட்கும் முதல் ஆள் நான்தான் என்று சிரித்தார். ஊர்ப் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை.

கொலராடோவில் ஓநாய்கள் 1940களோடு ஒழிந்தன. விஷம் வைத்தும் பொறி வைத்தும், தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தும் ஒழித்தார்கள். 1995, 96-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்து வந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விட்டார்களே, அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே முடிவெடுத்தது மத்திய அரசு. கொலராடோவில் எடுத்தது நாங்கள். ஒரு மாநில மக்கள் ஓட்டுப் போட்டு ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. முன்மொழிவு எண் 114. ஆதரவு 50.91 சதவீதம். முப்பத்தொரு லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்ததில் வித்தியாசம் சுமார் 57,000. சட்டத்தின் வாசகத்தை நான் அப்போது முழுதாகப் படிக்கவில்லை. 2023 முடிவதற்குள் ஓநாய்களை விட வேண்டும், நீர்ப்பிரிமுகட்டுக்கு (மழைநீர் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து ஓடும் மலைமுகட்டுக்கு) மேற்கே விட வேண்டும் என்று இருக்கிறது. மேற்கே. ஓட்டுப் போட்ட நாங்கள் பெரும்பாலோர் கிழக்கே. பெர்த்தௌட் கணவாயின் உச்சியில், 11,307 அடி உயரத்தில், அந்தக் கோட்டைக் காட்டும் ஒரு பலகை நிற்கிறது. பிள்ளைகளை அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன், ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைக்கச் சொல்லி.

ஆபீஸில் என் டீமில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகும் ஒருவன் இருக்கிறான். செப்டம்பர் வந்தால் பத்து நாள் லீவு, வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போய்விடுவான். அடித்த மானின் கறிதான் வருடம் முழுக்க அவன் வீட்டில். அந்த ஓட்டுக்கு முன்னால் அவனோடு இரண்டு மதியச் சாப்பாடு வாதாடியிருக்கிறேன். வடக்கு யெல்லோஸ்டோன் மந்தையில் ஓநாய் வருவதற்கு முன் 19,000 எல்க் இருந்ததாம், 2013-இல் எண்ணியபோது நாலாயிரத்துக்கும் கீழே போய்விட்டதாம். எண் சரிதான், நானும் பார்த்தேன். ஆனால் அதே காலத்தில் கரடியும் மலைச்சிங்கம் என்கிற பூமாவும் பெருகின, வறட்சி வந்தது, வேட்டைக்காரர்களும் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி இருக்கும் வயோமிங் மாநிலம் முழுதும் பார்த்தால் இன்றும் லட்சத்துக்கு மேல் எல்க் மேய்கிறது. இதைச் சொன்னபோது அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் மாநிலத்தில் வேட்டையாடவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் வேட்டையாடுகிறேன்" என்றான். மான்கள் சாகக்கூட வேண்டாம், மிரண்டு இடம் மாறித் தனியார் நிலத்துக்குள் ஒதுங்கினாலே அவன் பத்து நாள் வீண். வனவிலங்குத் துறையைத் தாங்குவதில் பெரும்பங்கு வேட்டை, மீன்பிடி உரிமப் பணம். அந்தப் பணத்தை ஓநாயை விடும் வேலைக்குத் தொடக்கூடாது என்று 2021-இல் சட்டமன்றம் எழுதி வைத்தது. "மான் குறைந்தால் உரிமம் குறையும், உரிமம் குறைந்தால் துறைக்குப் பணம் ஏது?" என்பது அவன் கேள்வி. கொலராடோவில் இருக்கும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட எல்க்குகளைச் சில பத்து ஓநாய்கள் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பயம் கொஞ்சம் மிகை. ஆனால் அவனிடம் கடைசியாக நான் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "அதுவும் ஒரு உயிர்தானே, வாழ அதற்கும் ஓர் இடம் வேண்டாமா?" அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்குக் கீழே

2023 டிசம்பர் 18 அன்று ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்த முதல் ஐந்து ஓநாய்களைக் கிராண்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) திறந்துவிட்டார்கள். கூண்டுக் கதவு திறந்ததும் அவை ஓடிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளுநர் ஜாரெட் போலிஸ் அங்கே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். தங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் குறை. சில நாட்களில் எண்ணிக்கை பத்தானது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அதே கவுண்டியில் முதல் கன்று செத்தது உறுதியானது. இதெல்லாம் எனக்குச் செய்தி, அவ்வளவுதான்.

மே கடைசியில் நீள வார விடுமுறை வந்தது. குட்டி போட்டிருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டி வா என்று பெரியவர் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று காலையில்தான் ஓடையோரப் புதருக்குள் அந்தக் கன்று கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளை அவர் வீட்டுப் பாட்டியம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் அவரோடு நடந்தேன். செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும். பின்பக்கம் முழுக்கக் காலி. தொடை இருந்த இடத்தில் எலும்பு. கண்ணைக் காக்கை கொத்தியிருந்தது. தாய்ப்பசு கொஞ்ச தூரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது, மடி கனத்து.

கொன்றது ஓநாயா என்று விசாரிக்க வனவிலங்குத் துறையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பையிலிருந்து அவர் எடுத்தது முடிவெட்டும் மெஷின். சலூனில் பார்ப்போமே, அதே மாதிரி. கன்றின் விலாவிலும் கழுத்திலும் மயிரை மழித்தார். பிறகு கத்தியால் கீறி, போர்வையை விலக்குவது போலத் தோலை உரித்து விலக்கினார். விளக்கமாகவே சொல்லிக்கொண்டு செய்தார், நல்ல மனிதர். உயிரோடு இருக்கும்போது கடித்தால் தோலுக்குக் கீழே சதை கன்றிப்போய், ரத்தம் கட்டி, கறுத்த ஜெல்லி மாதிரி நிற்கும். செத்த பிறகு கடித்தால் ரத்தம் கட்டாது, சதை வெளுப்பாகவே இருக்கும். பல் பதிந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி என்றால் ஓநாய், குறைந்தால் ஓநாயைவிடச் சிறிய கயோட்டி. ஆக ஒரு கன்று எப்படிச் செத்தது என்பதற்கு ஆதாரம் அதன் தோலின் உள்பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கன்றிடம் மிச்சம் இருந்த தோலில் அந்தக் கறுப்பு இல்லை. கடி விழுந்திருக்கக்கூடிய இடத்தில் தோலே இல்லை, கயோட்டிகளோ கரடியோ முடித்துவிட்டன. ஓடை ஈரத்தில் என் உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு ஒரு கால்தடம் இருந்தது. ஓநாய் இந்த வழியாக நடந்தது என்பதை அது சொல்லும், கொன்றது என்பதைச் சொல்லாது. "என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை, மன்னிக்கணும்" என்றார் அவர். பெரியவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டி போன பிறகு சொன்னார்: "அந்த ஓநாயின் கழுத்தில் பட்டை இருக்கிறது. எங்கே நிற்கிறது என்று ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியாது. என் மாடு செத்தால் நிரூபிக்க வேண்டியது மட்டும் நான்." முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஓநாய்கள் எந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் திரிந்தன என்று மாதாமாதம் வரைபடம் வெளியாகிறது. பக்கத்தில் வந்தால் சிலருக்குப் போனும் வரும். அவருக்கு வேண்டியது இன்றைக்கு ராத்திரி எந்த மேய்ச்சலில் என்பது. அதைச் சொன்னால் துப்பாக்கியோடு காத்திருப்பார்களே என்ற பயமும் வெறும் கற்பனை இல்லை. "சுடு, புதை, வாயை மூடு" என்பது அந்த மலைப்பகுதியில் பாதி ஜோக்காக எல்லோர் வாயிலும் புழங்குகிற பேச்சு.

பிறகுதான் கன்றைப் பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் பொய்யைச் சொன்னேன்.

பொய் சொன்னவன் வீடு திரும்பும் வழியில் வக்கீலாகிவிடுவான். கணவாய் இறங்குவதற்குள் என்னிடம் ஏழெட்டு வாதம் சேர்ந்துவிட்டது. அவர் மாடுகள் கோடையில் மேய்வது பாதிக்கு மேல் பொது நிலத்தில், எனக்கும் பங்குள்ள நிலத்தில். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய அரசு அப்போது வாங்கிய கட்டணம் 1.35 டாலர், ஒரு காபி விலைகூடக் கிடையாது. இடியிலும் நோயிலும் ஈற்றுக் கோளாறிலும் சாகும் மாடுகளோடு ஒப்பிட்டால் ஓநாய் கொல்வது தூசு. உறுதியான சாவுக்குத் தலைக்கு 15,000 டாலர் வரை நஷ்டஈடு தரச் சட்டம் இருக்கிறது. அதோடு, அந்த வருடம்தான் பக்கத்து வயோமிங்கில் ஒருவன் பனிவண்டியால் ஓர் ஓநாயை மோதி, குற்றுயிராக அதை மதுக்கடைக்குள் கொண்டுபோய்க் காட்டியிருந்தான். அபராதம் 250 டாலர். இப்படிப்பட்டவர்களை நம்பியா விலங்கை விடுவது? எல்லா வாதமும் உண்மைதான். ஒன்றுகூட, மடி கனத்து நின்ற அந்தப் பசுவுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூடியதாக இல்லை. (அந்த வயோமிங்காரனைப் பற்றிப் பின்னால் ஒருமுறை பெரியவரிடமே கேட்டேன். "அவனை அதே வண்டியில் கட்டி இழுக்கணும்" என்றார்.)

அந்தக் கோடை முழுக்கச் செய்திகளை வேறு கண்ணால் படித்தேன். கிராண்ட் கவுண்டியில் ஒரு ஜோடி தொடர்ந்து கால்நடைகளைத் தாக்கியது. பண்ணைக்காரர்கள் கொல்ல அனுமதி கேட்டார்கள். பெட்டை குட்டி போட்டிருந்தது, துறை மறுத்துவிட்டது. கடைசியில் ஆகஸ்ட், செப்டம்பரில் காப்பர் கிரீக் கூட்டம் என்று பெயர் வைத்த அந்தக் குடும்பத்தைத் துறையே பொறிவைத்துப் பிடித்தது. ஆண் ஓநாய் கூண்டில் நாலு நாளில் செத்தது. யாரோ ஏற்கெனவே அதைச் சுட்டிருந்தார்கள், அந்தக் காயம். தாயையும் குட்டிகளையும் அடுத்த ஜனவரியில் பிட்கின் கவுண்டியில் மறுபடி விட்டார்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த 15 புது ஓநாய்களை விட்ட அதே வாரங்களில். அங்கேயும் கன்றுகள் செத்தன. அந்தக் குட்டிகளில் ஒன்றை 2025 மே மாதம் துறையே சுட்டது. எனக்கு இதில் கசந்தது இரண்டு பக்கமும்தான். ஓநாய்க்காக ஓட்டுப் போட்டு ஓநாய்க்கும் நான் ஒன்றும் நல்லது செய்துவிடவில்லை.

பணமும் போதவில்லை. நஷ்டஈட்டுக்கு ஆண்டு ஒதுக்கீடு 3,50,000 டாலர். 2025 மார்ச்சில் இரண்டே பண்ணைகளுக்கு அனுமதித்த தொகை 3,43,000-ஐத் தாண்டியது. அதில் செத்த மாடுகளின் விலை சிறு பகுதி. மிரண்டு சரியாக மேயாமல் எடை குறைந்த கன்றுகள், சினை பிடிக்காத பசுக்கள் இவைதான் பெரிய கணக்கு. மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி பட்டிக்குள் ஏதோ புகுந்த மறுநாள் கறவை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவின் போன்

எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். மழை பார்த்த கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே பட்டி. அப்பாரு, அதாவது தாத்தா, காலத்திலிருந்து மயிலம்பாடி செம்மறி. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஓநாய் இல்லை. நரி ஊளையிட்டதாக அப்பாரு சொல்லக் கேட்டிருக்கிறேன். 2025 தொடக்கத்தில், மாசி மாதம் என்று நினைக்கிறேன், சித்தப்பா போன் செய்தார். அவர் போனில் அழுது நான் கேட்டதே இல்லை. "கண்ணு, ராத்திரி நாய் பூந்துருச்சு. பதினாலு உருப்படி போச்சு. தின்னக்கூட இல்ல கண்ணு, கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது."

காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கறிக்கடைக் கழிவைத் தின்று பெருத்த நாய்கள் என்பார் சித்தப்பா. "நாயத் தொட்டா நம்ம மேல கேசுங்கறாங்க. டவுன்ல உக்காந்து பிஸ்கெட் போடறவங்க சட்டம் பேசறாங்க. ஒரு ராத்திரி, ஒரே ராத்திரி இங்க வந்து பட்டில படுக்கச் சொல்லு பாக்கலாம்." எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சூட்டிலேயே எங்கள் வாட்ஸாப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன், அதே தீபாவளி ஆட்டுக் குழுவில்தான். நகரத்துக் கருணைக்கு யார் வீட்டு ஆடு விலை என்றெல்லாம் எழுதினேன். பத்து நிமிடத்தில், சென்னையில் வளர்ந்த ஒரு தோழியிடமிருந்து பதில் வந்தது: "அதுவும் ஒரு உயிர்தானே. அது எங்கேதான் போய் வாழும்?"

திருப்பி அடிக்கக் கட்டைவிரல் ஓடியது. பாதி வாக்கியத்தில் நின்றது. ஆபீஸ் கேண்டீனில், அந்த எல்க் வேட்டைக்காரனிடம், நான் சொன்னது. சொல் மாறியிருக்கலாம், சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லும் அந்தத் தொனி மாறவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

நாயும் ஓநாயும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. நாய்க்கூட்டம் நம் குப்பை பெற்ற பிள்ளை. ஓநாய் அந்த மலைக்கு மாட்டுக்கு முன்னாலேயே உரியது. சித்தப்பாவின் பட்டியில் நாய் புகுவதால் கொறங்காட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. மலையில் ஓநாய் இருப்பதில் நன்மை இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். அதே சீட்டு நாளைக்கு வந்தால் மறுபடி ஆம் என்றுதான் நிரப்புவேன் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. மேய்ச்சலில் ராத்திரியும் பகலும் மாடுகளோடு சுற்ற சம்பளத்துக்குக் குதிரைக்காரர்களை வைக்கும் திட்டம் 2025-இல் வந்தது. ஓநாய்ப் படம் போட்ட வண்டி நம்பர் பலகை விற்ற பணமும் இதற்குப் போகிறது. நானும் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், பரிகாரம் மாதிரி. ஓநாய் வந்தது 2023-இல். இரண்டையும் மாற்றிச் செய்திருக்க வேண்டும். முதலில் ஆள், பிறகு ஓநாய். கொட்டகை போடாமல் மாடு பிடித்து வந்த வேலை இது. சீட்டில் நாங்கள் தேதி குறித்தது ஓநாய்க்கு மட்டும்தான்.

பின்னங்கால்

2025 தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தின சனிக்கிழமை போனேன். பட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, முழத்துக்கொன்றாகச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். காற்றில் படபடக்கும் துணியைத் தாண்ட ஓநாய் தயங்குமாம், கொஞ்ச நாளைக்கு. எங்கள் ஊரில் காட்டுப்பன்றிக்குப் பழைய சேலையைக் கட்டுவோம் என்றேன். பன்றி எத்தனை நாளில் பழகிவிடும் என்று கேட்டார். ஒரு மாசம் என்றேன். "ஓநாய்க்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்" என்றார். சித்தப்பாவின் பதினாலு ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். நாய் என்பதை நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார். யார் விசாரித்தார்கள், தோலை உரித்துப் பார்த்தார்களா என்று கேட்டார். ஆட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

வண்டியில் ஏற்றுவதற்காக ஒரு கிடாயைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அப்போது சொல்லிவிட்டேன். "2020-இல் எனக்கு ஓட்டு இருந்தது. ஆம் என்றுதான் போட்டேன். உங்களிடம் பொய் சொன்னேன்."

கிடாயின் கழுத்தை விடாமல் என்னைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே முகம் சரியாகத் தெரியவில்லை.

"ஐம்பத்தேழாயிரம் பேர்," என்றார் கடைசியில். "அதில் ஒருத்தன் வருஷா வருஷம் என் வாசலுக்கே வந்து, தலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிடாய் துள்ளியது.

"வெறுமனே நிற்காதே," என்றார். "பின்னங்காலைப் பிடி."